நாலாவது ரீல்

மூணாவது ரீல் என்னிடம் இருக்கிறது.
கொடுத்த விலையைச் சொல்ல மாட்டேன்.
வீட்டில் சொன்னது எண்ணூறு.

வெள்ளகோவில் பக்கம் ஒரு கொட்டகை.
முதலாளி நொடித்த வருஷமே
படம் அனுப்பிய கோயமுத்தூர் கம்பெனியும் நொடித்தது.
பெட்டியைத் திருப்பிக் கேட்க ஆள் வரவில்லை.
மூணு மாசச் சம்பளத்துக்கு ஈடாக
ஆபரேட்டர் ஆரோக்கியம் மூணாவதை எடுத்துக்கொண்டார்.
சோடாக்காரர் பாக்கிக்கு அஞ்சாவது.
வாட்ச்மேன் நாலாவதைத் தோளில் போட்டுக்கொண்டு
காட்டுக்கு நடந்தார்.
மிச்சமெல்லாம் எடைக்குப் போய்
வளையலாகிவிட்டதாகக் கேள்வி.
எந்த ஊர்க் கையில் எந்தச் சண்டை கிலுங்குகிறதோ.

திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் எனக்கு வேலை.
எந்த நிறம் எத்தனை நாள் நிற்கும் என்று
மார்க் போடுவேன்.
அதனால் சொல்கிறேன்:
இந்தப் படத்தில் நீலம் முதலில் செத்தது.
இப்போது வானம், வயல், அவள் சேலை எல்லாம்
பீட்ரூட் வேகவைத்த தண்ணி.
டப்பாவைத் திறந்தால் காடி நாற்றம்.
"ஊறுகாயா போட்டிருக்கீங்க?" என்பாள் கோகிலவாணி,
ஜன்னலைத் திறந்துகொண்டே.

மூணாவதின் கடைசியில்
ஒரு பெண் பஸ் ஏறுகிறாள்.
கையில் தூக்குப்போசி.
கண்டக்டர் விசிலை வாயில் வைக்கிறான்.
ஊதுவதற்குள் ரீல் முடிந்துவிடும்.

அஞ்சாவது தாராபுரம் நாச்சிமுத்துவிடம்.
அவர் விற்க மாட்டார். நானும்தான்.
ஆடிப் பதினெட்டன்று அவர் வீட்டுச் சுவரில்
இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுவோம்.
அஞ்சாவதில் பஸ் வந்து நிற்கிறது.
எல்லாரும் இறங்குகிறார்கள்.
அவள் இறங்கவில்லை.
தூக்குப்போசி கண்டக்டர் கையில்.
"செத்துட்டாளுங்க" என்பார் நாச்சிமுத்து.
"வழியில எறங்கிட்டாளுங்க" என்பேன்.
பதினோரு வருஷமாக இதே வழக்கு.

போன தையில் மூலனூர் தாண்டி
ஒரு கல்யாணத்துக்குப் போகையில் டயர் பஞ்சர்.
பையன் ஒட்டும்வரை நின்றிருந்தேன்.
எதிர்ச் சோளக்காட்டில்
கம்புக்குக் கம்பு ஏதோ நாடா.
காற்று வந்தபோது
ஒரே குரலில் முனகியது காடு.
"கிளி தொரத்தறதுக்குங்க" என்றாள் பாவாத்தாள்.
"எங்க மாமன் கட்டுனது. கொட்டாயில வாட்ச்மேனா இருந்தாரு.
அறுப்பு முடிஞ்சா கம்போட புடுங்கி வெச்சுக்குவோம்.
முடிச்ச அவுக்கறதே இல்லீங்க."

கையில் எடுத்தேன்.
ஓரத்தில் ஓட்டைகள், கட்டத்துக்கு நாலு.

வெயில் நிறத்தைத் தின்றிருந்தது,
மழை பசையைக் கழுவியிருந்தது.
ஆயிரம் அடியும் வெறும் கண்ணாடி.
அதன் வழியாகப் பார்த்தால்
சோளம் தெரிந்தது,
ஒரு எருமை தெரிந்தது,
ஜாக்கியோடு மல்லுக்கட்டும் பையன் தெரிந்தான்.

அவள் பணம் வாங்கவில்லை.
"இத நீங்க கொண்டுட்டுப் போனா
கிளிக்கு என்னங்க பதில் சொல்றது?"
மறுநாளே பனியன் கம்பெனியிலிருந்து
ரெண்டு மூட்டை எலாஸ்டிக் வேஸ்ட் அனுப்பிவைத்தேன்.

முப்பத்தாறு கம்பு. முப்பத்தாறு முடிச்சு.
முடிச்சுக்குள் வெயில் போகவில்லை.
ஒவ்வொன்றிலும் மூணோ நாலோ கட்டம்
பிழைத்துக் கிடக்கலாம்.
ஒன்றை மட்டும் ஆவி காட்டி நெகிழ்த்தினேன்.
பாதிப் பசை உரிந்து என் நகத்தோடு வந்தது.
மீதியில் பஸ் ஜன்னல் கம்பி, அதைப் பிடித்த விரல்கள்.
வெளியிலிருந்து பிடித்தவையா
உள்ளேயிருந்தா என்று
லென்ஸை எப்படித் திருப்பினாலும் பிடிபடவில்லை.

நாச்சிமுத்து பஸ் பிடித்து வந்தார்.
முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினார்,
வெள்ளாட்டுக்கு விலை பேசுகிறவர் மாதிரி.
காப்பி ஆறியது.
"அஞ்சாவதத் தர்றேனுங்க. இதக் குடுத்துருங்க."

பதினோரு வருஷத்தில் முதல் தடவை.
நான் சரி என்று சொல்லவில்லை.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

இப்போது முப்பத்தைந்து கம்பும்
பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கின்றன,
விறகுக் கட்டு போல.
"இந்தக் குச்சிக்கு எவ்வளவு அழுதீங்க?" என்றாள் கோகிலவாணி.
ரெண்டு மூட்டை எலாஸ்டிக் என்றேன்.
உண்மையான விலையை
அவளிடம் சொன்னது இதுதான் முதல் முறை.
அவள் நம்பவில்லை.